பரேல் மாளிகையும் பிளேக் ஊசியும்

வந்த நோயைத் தீர்ப்பவரை உலகம் கொண்டாடுகிறது. நோய் வாராமல் தடுப்பவரை அது பெரும்பாலும் அறிவதே இல்லை. காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் மருத்துவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறான். காய்ச்சலே வாராதவன் யாரைக் கும்பிடுவான்? தனக்கு வந்திருக்கக்கூடிய நோய் இன்னதென்றோ, அதைத் தடுத்தவர் இன்னாரென்றோ அவன் அறிய வழியில்லை. ஆகவே தடுப்பு மருத்துவத்தில் ஆராய்ச்சி செய்வோருக்கு வேறெத்துறையினருக்கும் இல்லாத ஒரு சங்கடம் உண்டு. அவர்களுடைய வெற்றி கண்ணுக்குப் புலப்படாது, கணக்கில்தான் புலப்படும். தோல்வியோ ஊரறியப் பாடையில் போகும்.

இவ்வுண்மை நன்கு விளங்கிய களம் ஒன்று, நாம் பிழைக்க வந்து வேரூன்றிவிட்ட இம்மாநகரிலேயே இருக்கிறது. மாதுங்காவிலிருந்தும் சயானிலிருந்தும் கோட்டைப் பகுதிக்கு வேலைக்குச் செல்லும் அன்பர்கள் நாள்தோறும் பரேலைக் கடந்து செல்கிறார்கள். அங்கே மரங்கள் சூழ்ந்த பழைய மாளிகை ஒன்றில் ஹாஃப்கின் நிலையம் இருப்பதைப் பலரும் அறிவர். பாம்புக்கடிக்கும் நாய்க்கடிக்கும் மருந்து கண்ட இடம் என்ற அளவில் அறிந்தோர் மிகுதி. அப்பெயருக்குரியவர் யார், அவர் இந்நகரத்துக்குச் செய்தது என்ன, அவருக்கு நேர்ந்தது என்ன என்பவற்றை அறிந்தோர் சிலர். நாம் குடியிருக்கும் தெருக்களுக்கும் அந்தக் கதைக்கும் உள்ள உறவை அறிந்தோர் அவரினும் சிலர்.

1896ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். அக்காலத்தில் பம்பாய் என வழங்கிய இந்நகரின் துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி வட்டாரத்தில் ஒருவகைக் காய்ச்சல் பரவிற்று. தானியக் கிடங்குகள் நெருங்கிய பகுதி அது. காய்ச்சல் கண்டவர்களுக்குத் தொடையிடுக்கிலும் அக்குளிலும் நெறிகட்டிற்று; சில நாட்களில் மாண்டனர். கோவாவைச் சேர்ந்த டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்பவர் இது பிளேக் என்று துணிந்து நகராட்சிக்கு அறிவித்தார். முதலில் ஏற்கத் தயங்கினர். வணிக நகரத்தில் இத்தகைய செய்தியை யார்தான் விரும்பிக் கேட்பர்? பிளேக் என்று அறிவித்தால் கப்பல்கள் நின்றுவிடும், சரக்குகள் தேங்கிவிடும். ஹாங்காங் துறைமுகத்தில் 1894இல் இதே நோய் மூண்டபோது யெர்சின், கித்தசாட்டோ என்னும் இருவர் இந்நோய்க்குரிய கிருமியைக் கண்டறிந்திருந்தனர். அங்கிருந்தே நோய் கப்பலேறி இங்கு வந்தது என்று கருதப்படுகிறது. கிருமி இன்னதெனத் தெரியும். அது மனிதனை அடையும் வழிதான் எவருக்கும் தெரியாது.

மக்கள் சர்க்காரின் அறிவிப்புக்குக் காத்திருக்கவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையங்களை நோக்கி ஓடினர். 1897 பிப்ரவரிக்குள் நகரத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியேறிவிட்டனர் என்பர். 1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 8,21,764ஆக இருந்த மக்கள்தொகை 1901இல் 7,76,006ஆகக் குறைந்தது. வளர்ந்துவந்த இந்நகரம் அப்பத்தாண்டில் சுருங்கியது.

அவ்வேளையில் இந்திய சர்க்கார் கல்கத்தாவிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளரை வரவழைத்தது. அவரே வால்டெமர் ஹாஃப்கின். 1860இல் ஒடெஸ்ஸா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ருஷ்யப் பேரரசில் யூதனாகப் பிறந்தவனுக்குப் பல்கலைக்கழகப் பதவி எளிதில் கிட்டாத காலம் அது. தம் ஆசிரியர் மெச்னிகாஃபைப் பின்தொடர்ந்து பாரிஸ் சென்றார். அங்கே பாஸ்டர் நிலையத்தில் முதலில் அவருக்குக் கிடைத்தது நூலகத்தில் உதவியாளர் வேலை. ஓய்வு நேரத்தில் கிருமிகளோடு பழகியவர், 1892இல் வாந்திபேதிக்குத் தடுப்பூசி ஒன்றை ஆக்கினார். அதை முதலில் தம் உடலிலேயே குத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு வாந்திபேதியின் தாயகமாகிய வங்காளத்துக்கே வந்து சேர்ந்தார்.

கல்கத்தாச் சேரிகளில் அவர் செய்த வேலை அவருடைய முறையை நன்கு காட்டும். கட்டல் பாகான் என்னும் சேரியில் ஏறத்தாழ 200 பேர் வாழ்ந்தனர். அவர்களில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். பின்னர் அச்சேரியில் வாந்திபேதி நுழைந்தபோது அது ஊசி போடாதவரையே தேடித்தேடிப் பற்றியது. ஒரே குளத்து நீரைக் குடித்தவர்கள், ஒரே கூரையின்கீழ் உறங்கியவர்கள். வேற்றுமை ஊசி ஒன்றே. இந்த ஒப்பீட்டின் அருமையை அவர் உணர்ந்தார். ஆயிரம் பேருக்கு ஊசி போட்டு அவர்களில் ஒருவரும் சாகவில்லை என்று காட்டுவது எளிது. நோயே அவ்வழி வாராதிருந்தாலும் அப்படித்தான் இருக்கும். அதே இடத்தில் ஊசி போடாதவருக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்விக்கு விடை கூறினாலன்றி எந்தத் தடுப்பு முறையும் மெய்யென நிறுவப்பட்டதாகாது.

1896 அக்டோபரில் பம்பாய் வந்த அவருக்கு கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு நடைகூடமும் ஒதுக்கப்பட்டன. ஓர் எழுத்தரும் பயிற்சியற்ற மூன்று பணியாட்களுமே துணை. அங்கே மூன்று மாதங்களில் பிளேக் தடுப்பூசி உருவாயிற்று.

அதைச் செய்த முறை நம்மவருக்குச் சுவையானது. கிருமி வளர்க்க இறைச்சிச் சாறு வேண்டும். ஐரோப்பாவில் மாட்டிறைச்சியைப் பயன்படுத்துவர். இந்நாட்டில் அதனால் விளையக்கூடிய மனத்தாங்கலை உணர்ந்த ஹாஃப்கின், ஆட்டிறைச்சிச் சாற்றைக் கைக்கொண்டார். பின்னர் கோதுமையிலிருந்தும் கிருமிக்கு உணவு செய்தனர். அச்சாற்றின்மேல் சில துளி நெய்யை மிதக்கவிட்டார். நெய்த்துளியைப் பற்றிக்கொண்டு கிருமிக் கூட்டம் ஆலம் விழுதுபோல் கீழ்நோக்கி வளர்ந்தது. குடுவையை அசைத்தால் விழுதுகள் அறுந்து அடியில் படியும்; மீண்டும் நெய்யடியில் புது விழுதுகள் இறங்கும். இவ்வாறு பல வாரம் வளர்த்தபின் சூடேற்றிக் கிருமிகளைக் கொன்று, சிறிது கார்பாலிக் அமிலம் சேர்த்துப் புட்டிகளில் அடைத்தனர். இறந்த கிருமியை உடலில் செலுத்தினால், உயிருள்ள கிருமி வரும்போது அதை எதிர்க்க உடல் முன்கூட்டியே பழகிக்கொள்ளும் என்பது அடிப்படைக் கருத்து.

1897 ஜனவரி 10ஆம் நாள் அவர் முதல் ஊசியைத் தமக்கே போட்டுக்கொண்டார். பிறருக்குக் கொடுக்க எண்ணிய அளவினும் மிகுதியான அளவு அது. காய்ச்சலும் வலியும் வந்து தணிந்தன. அம்மாத இறுதியில் பைகுல்லாச் சிறையில் பிளேக் புகுந்தது. சிறைவாசிகளில் ஏறத்தாழ 150 பேர் தாமாக முன்வந்து ஊசி போட்டுக்கொண்டனர். அதற்குச் சற்று மிகுதியானோர் போட்டுக்கொள்ளவில்லை. இரு சாராரும் ஒரே உணவை உண்டு, ஒரே வேலையைச் செய்து, ஒரே கொட்டடியில் உறங்கினர். பின்வந்த நாட்களில் ஊசி போடாதவரில் 12 பேருக்கு நோய் கண்டது. 6 பேர் இறந்தனர். ஊசி போட்டவரில் 2 பேருக்கு நோய் கண்டது, ஒருவரும் இறக்கவில்லை.

சிறைக்குள் அடைபட்டவன் 'தாமாக முன்வந்தான்' என்று சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்க முடியும் என்று இன்று நாம் கேட்போம். கேட்க வேண்டிய கேள்வியே. இன்றைய நெறிமுறைகள் இத்தகைய சோதனைக்கு எளிதில் இடம் கொடா. ஆயினும் தம் உடலில் ஏற்றிப் பாராத எதையும் அவர் கைதியின் உடலில் ஏற்றவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

சிறைச் சோதனையைக் காட்டிலும் திருத்தமானது அடுத்த ஆண்டு பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்த உந்தேரா என்னும் சிற்றூரில் நடந்தது. 1898 பிப்ரவரியில் அவ்வூரில் ஒவ்வொரு குடும்பத்திலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஊசி போட்டனர். அண்ணனுக்குப் போட்டால் தம்பிக்கு இல்லை. தாய்க்குப் போட்டால் மகளுக்கு இல்லை. சில வாரங்கள் கழித்து வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தனர். ஊசி போட்ட பிறகு நோய் நுழைந்த வீடுகள் 28. அவ்வீடுகளில் ஊசி போட்டவர் 71 பேர். அவர்களில் 8 பேருக்கு நோய் கண்டு 3 பேர் இறந்தனர். ஊசி போடாதவர் 64 பேர்; அவர்களில் 27 பேருக்கு நோய் கண்டு 26 பேர் இறந்தனர்.

இக்கணக்கை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். 26 சாவுகள் அவ்வூர் மக்கள் கண்ணால் கண்டவை. அழுது அடக்கம் செய்தவை. அவற்றின் விகிதப்படி பார்த்தால் ஊசி போட்ட 71 பேரிலும் 29 பேரளவில் இறந்திருக்க வேண்டும். இறந்தவர் மூவர். எஞ்சிய 26 பேர் யார்? எந்த 26 பேர் ஊசியால் பிழைத்தனர், எவர் எப்படியும் பிழைத்திருப்பர் என்று ஹாஃப்கினாலும் சொல்ல முடியாது. பிழைத்தவர்களுக்கும் தெரியாது. அவர்கள் காகிதத்தில் மட்டும் வாழும் 26 பேர். தடுப்பு மருத்துவம் தேடித்தரும் புகழ் முழுவதும் இப்படிப்பட்ட முகமற்ற மனிதரிடமிருந்தே வரவேண்டியிருக்கிறது.

இவ்வளவு தெளிவான பயன் கண்டபின்னும் மக்கள் ஊசியை அஞ்சினர். அஞ்சியதற்குக் காரணம் ஊசி மட்டுமன்று. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் ஒன்றைச் சர்க்கார் இயற்றிற்று. அதன் துணைகொண்டு வீடு புகுந்து சோதித்தனர். நோயாளி என்று ஐயுற்றவரை மருத்துவமனைக்கு இழுத்துச் சென்றனர். தட்டுமுட்டுச் சாமான்களைக் கொளுத்தினர். ரயில் நிலையத்தில் பெண்களையும் நிறுத்தி நெறிகட்டு உண்டா என்று தொட்டுப் பார்த்தனர். சட்டம் வருவதற்கு முன்பே, 1896 அக்டோபரில், ஆலைத் தொழிலாளர் கூட்டம் ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கியிருந்தது. புனாவில் பட்டாளத்தாரை வீடுகளில் நுழையவிட்ட பிளேக் அதிகாரி ராண்டு 1897 ஜூன் 22 இரவு சபேகர் சகோதரர்களால் சுடப்பட்டுப் பின்னர் இறந்தார். அதே புனாவில் அதற்குச் சில மாதங்கள் முன்னர், பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த சாவித்திரிபாய் புலே அந்நோய்க்கே இரையானார். ஒரே நகரில், ஒரே நோயை முன்னிட்டு, ஒருபுறம் பட்டாளத்தாரின் மிதியடி. மறுபுறம் ஓர் அம்மையாரின் கை.

ஹாஃப்கின் ஊசியைக் கட்டாயப்படுத்தவில்லை. மக்கள் தாமே விரும்பி வரவேண்டும் என்பதே அவர் நிலை. கோஜா சமூகத்தின் தலைவராகிய ஆகா கான், அப்போது இருபது வயதளவினர், தம் மக்கள் காணத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். ஆராய்ச்சிக்குத் தம் மாளிகை ஒன்றையும் விட்டுக்கொடுத்தார். அவரைப் பின்பற்றி அச்சமூகத்தார் ஆயிரக்கணக்கில் வந்தனர். சட்டத்தால் ஆகாதது ஒருவர் முன்மாதிரியால் ஆயிற்று. ஆனால் வீடு புகுந்து இழுத்துச் சென்றதும் சர்க்கார்தான், ஊசி போட வந்ததும் சர்க்கார்தான் என்று எண்ணிய ஏழை மக்களுக்கு இரண்டையும் பிரித்துக் காண்பது எளிதாக இல்லை. அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை.

1899 ஆகஸ்டு 10ஆம் நாள் ஆராய்ச்சிக் கூடம் பரேலிலிருந்த பழைய கவர்னர் மாளிகைக்கு மாறியது. அம்மாளிகைக்கு ஒரு வரலாறு உண்டு. போர்ச்சுகீசியர் காலத்தில் பாதிரிமார் மடமாக இருந்து, பின்னர் பம்பாய் கவர்னர்களின் உறைவிடமானது. 1882இல் கவர்னர் பெர்குசனின் மனைவியார் அங்கே வாந்திபேதியால் இறந்தார். அதன்பின் கவர்னர்கள் கடற்காற்று வீசும் மலபார் முனைக்குச் சென்றுவிட்டனர். வாந்திபேதிக்கு அஞ்சிக் கைவிடப்பட்ட வீட்டில், வாந்திபேதிக்கு ஊசி கண்டவர் வந்து அமர்ந்து பிளேக்கை எதிர்க்கும் ஊசியை லட்சக்கணக்கில் ஆக்கலானார். அக்காலத்தில் உலகின் பெரிய தடுப்பூசிக் கூடங்களுள் ஒன்று அது.

மூன்றே ஆண்டுகளில் எல்லாம் தலைகீழாயிற்று. பஞ்சாபில் பிளேக் பெருகவே அங்கிருந்து மருந்துக்குப் பெருந்தேவை எழுந்தது. விரைந்து ஆக்கும்பொருட்டு ஹாஃப்கின் தம் முறையைச் சிறிது மாற்றி, கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை விடுத்துச் சூடேற்றலையே நம்பினார். 1902 அக்டோபர் 30ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள முல்கோவால் என்னும் சிற்றூரில் 107 பேருக்கு ஊசி போட்டனர். அவர்களில் 53-என் என்று குறியிட்ட ஒரு புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேருக்கு மட்டும் சில நாட்களில் தாடை இறுகிற்று. உடல் வில்லாய் வளைந்தது. தனுர்வாதம். பத்தொன்பது பேரும் இறந்தனர். மற்றப் புட்டிகளிலிருந்து ஊசி பெற்ற எவருக்கும் ஒன்றும் நேரவில்லை.

சர்க்கார் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. புட்டி திறக்கப்படும் முன்னரே, அதாவது பரேலில் அடைக்கும்போதே, நஞ்சு கலந்திருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. கார்பாலிக் அமிலத்தை விட்டது பெருங்குற்றமாகப் பேசப்பட்டது. ஹாஃப்கின் தலைமைப் பதவியிலிருந்து விலக்கப்பட்டு, இந்தியாவை விட்டு நீங்கினார். இரண்டரை லட்சம் அல்ல, பன்மடங்கு மக்களுக்கு அதற்குள் அவர் மருந்து போய்ச் சேர்ந்திருந்தது. அவர்களுள் பிழைத்தவர் எவரும் அவருக்காகச் சாட்சி சொல்ல வரவில்லை, எப்படி வருவர்? தாம் பிழைத்ததே அவர்களுக்குத் தெரியாதே! பத்தொன்பது சாவுகளுக்குப் பத்தொன்பது வீடுகள் சாட்சி.

உண்மை வெளிவர ஐந்து ஆண்டுகள் சென்றன. அன்று முல்கோவாலில் புட்டியின் தக்கையை எடுக்கும்போது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்திருக்கிறது. தீயில் காட்டித் தூய்மைப்படுத்த வேண்டியதை அவர் கார்பாலிக் நீரில் அலசிவிட்டுப் பயன்படுத்தியிருக்கிறார். தனுர்வாதக் கிருமி மண்ணில் வாழ்வது. மேலும், புட்டியைத் திறந்த மருத்துவர் அதில் தீய நாற்றம் எதுவும் இல்லை என்று கூறியிருந்தார். பரேலிலிருந்தே வாரக்கணக்கில் அக்கிருமி உள்ளே வளர்ந்திருந்தால் நாற்றம் தாங்க முடியாததாக இருந்திருக்கும். விசாரணைக் குழுவின் அறிக்கையிலேயே இச்செய்திகள் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் படிப்பாரில்லை. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைச் சிகந்தராபாத்திலும் கல்கத்தாவிலும் கண்டு நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ், 1907இல் லண்டன் டைம்ஸ் இதழில் இவ்வநீதியை எடுத்துரைத்தார். அவ்வாண்டு ஜூலையில் பத்து அறிஞர்கள் கையொப்பமிட்ட கடிதம் வெளிவந்தது. நவம்பரில் சர்க்கார் ஹாஃப்கினைக் குற்றத்திலிருந்து விடுவித்தது.

விடுவித்ததே தவிரப் பரேலைத் திருப்பித் தரவில்லை. மீண்டும் இந்தியா வந்த அவருக்குக் கல்கத்தாவில் இடம் கொடுத்தனர். ஆனால் மக்களிடையே புதிய சோதனை எதுவும் நடத்தும் உரிமை கொடுக்கவில்லை. 55 வயதளவில் ஓய்வு பெற்றுச் சென்றார். இதனை வெள்ளையர் சர்க்கார் ஒரு யூதருக்குக் காட்டிய ஓரவஞ்சனை என்பாரும் உளர். மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவர் ராணுவ மருத்துவர்களுக்கு மேலே அமர்ந்ததால் எழுந்த பொறாமை என்பாரும் உளர். இரண்டும் கலந்திருந்தன என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் இல்லாத பரேலில் ஆராய்ச்சி நிற்கவில்லை. பிளேக் மனிதனை அடையும் வழி என்ன என்ற பழைய கேள்வி இன்னும் இருந்தது. 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்று சோதித்துக் காட்டியிருந்தார். அதை எவரும் நம்பவில்லை. பரேலில் பணியாற்றிய கிளென் லிஸ்டன் அக்கருத்தை மீண்டும் கையிலெடுத்தார். பம்பாய்க் குடியிருப்பு ஒன்றில் எலிகள் செத்து விழுந்தன. அஞ்சிய மக்கள் அறைகளை விட்டு வெளித் தாழ்வாரத்தில் படுத்தனர். சில நாளில் அவர்களுக்கும் நோய் கண்டது. அவர்கள் உடம்பிலிருந்து லிஸ்டன் பிடித்த தெள்ளுப்பூச்சிகளில் கிட்டத்தட்டப் பாதி, எலிமேல் வாழும் இனத்தைச் சேர்ந்தவை. வேறு நாளில் மனிதர் மேல் அவ்வினம் அரிதாகவே காணப்படும். எலி இறந்தபின் பட்டினியான பூச்சி மனிதனை நாடியது என்பது தெளிவாயிற்று.

1905 முதல் பிளேக் ஆராய்ச்சிக் குழுவினர் பரேல் தோட்டத்தில் குடிசை போன்ற சிறு அறைகளைக் கட்டிச் சோதனை செய்தனர். கினிப்பன்றியைக் கூண்டிலிட்டுத் தரையில் வைத்தால் நோய் கண்டது. அதே கூண்டைத் தெள்ளுப்பூச்சி தாவ முடியாத உயரத்தில் தொங்கவிட்டால் நோய் காணவில்லை. தரையிலேயே வைத்துச் சுற்றிலும் பசைத்தாள் விரித்தாலும் காணவில்லை. பூச்சிகள் பசையில் ஒட்டிக்கொண்டன. ஒரு குழந்தைக்கும் விளங்கும் சோதனை. ஆனால் அது நடப்பதற்குள் பத்து ஆண்டுகள் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தும், துணிகளைக் கொளுத்தியும், சாக்கடைகளில் மருந்து நீரைப் பாய்ச்சியும் கழிந்திருந்தன. அவ்வாறு பாய்ச்சிய நீர் சாக்கடை எலிகளை வீடுகளுக்குள் விரட்டியிருக்கும் என்றும் பின்னாளில் ஆராய்ந்தோர் சிலர் கருதினர்.

எலி விழுந்தால் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்பதை இவ்வாராய்ச்சிக்கு முன்னரே நம் நாட்டுச் சிற்றூர் மக்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். இந்நோய் கொங்கு நாட்டையும் விடவில்லை. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே இன்றும் கோயில்கள் உண்டு. ஆங்கிலச் சொல்லொன்றை அடைமொழியாக ஏற்ற மாரியம்மன் வேறெங்கேனும் உண்டா, தெரியவில்லை.

இனி நம் தெருக்களின் கதைக்கு வருவோம். பிளேக் காற்றாலும் அழுக்காலும் நெரிசலாலும் பரவுகிறது என்று நம்பிய சர்க்கார், 1898இல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் என்னும் அமைப்பைச் சட்டத்தால் நிறுவிற்று. நெருங்கிய குடியிருப்புகளை இடித்துக் கடற்காற்று உட்புகும்படி அகன்ற சாலைகளைத் திறப்பதும், நகரத்துக்கு வடக்கே புதிய குடியிருப்புகளை வகுப்பதும் அதன் பணி. பிரின்சஸ் தெருவும் சாண்டர்ஸ்ட் சாலையும் அவ்வாறு பிறந்தன. தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் வயலும் சதுப்புமாகக் கிடந்த நிலத்தை எடுத்து, அகன்ற தெருக்களையும் பூங்காக்களையும் வகுத்து மனைகளாகப் பிரித்தனர். 1920களிலும் 1930களிலும் தென்னாட்டிலிருந்து வந்த எழுத்தர்களும் தட்டச்சர்களும் கணக்கர்களும் அங்கே குடியேறினர். கோயில் எழுந்தது, பள்ளி எழுந்தது, காப்பிக் கடை எழுந்தது. மாதுங்கா தமிழர் பேட்டையாயிற்று.

இதில் ஒரு முரண் இருக்கிறது. டிரஸ்ட் நிறுவப்பட்டது தவறான கொள்கையின்மேல். பிளேக் காற்றில் வரவில்லை. எனினும் எலிக்கு இடந்தராத வீடும் வெளிச்சமும் கிடைத்தது நன்மையே. மற்றொரு முரண் அவ்வளவு இனிதன்று. இடிபட்ட குடியிருப்புகளில் வாழ்ந்த கூலிமக்கள் மாதுங்காவுக்கு வரவில்லை. தொடக்க ஆண்டுகளில் டிரஸ்ட் இடித்த அறைகளுக்கு ஈடாக ஏழைகளுக்குக் கட்டிய அறைகள் குறைவு. அவர்கள் எஞ்சிய குடியிருப்புகளில் முன்னிலும் நெருக்கமாக அடைந்தனர். நகருக்குள் வேண்டாம் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விளிம்புக்குத் தள்ளப்பட்ட தோல் பதனிடும் தொழில் தாராவியில் நிலைகொண்டது. அத்தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களும் தமிழர்களே. ஒரு ரயில் பாதைக்கு இப்பால் பூங்காவும் அகன்ற தெருவும். அப்பால் சதுப்பும் குடிசையும். இருபுறமும் நம் மக்கள். சுகாதாரம் என்ற பெயரால் வகுத்த கோடு அது. மாதுங்காவின் பெருமையை நம் மலர்களில் அடிக்கடி எழுதுகிறோம்; அக்கோட்டின் மறுபக்கத்தையும் எழுதியிருக்கலாம்.

பிளேக் நோயால் இந்தியாவில் இறந்தவர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர். 1920களுக்குப் பின் நோய் மெல்லத் தணிந்தது. ஊசி ஒன்றினால் மட்டும் தணியவில்லை. எலிகளிடையே நோயைத் தாங்கும் தன்மை வளர்ந்ததும் ஒரு காரணம் என்பர். பின்னர் சல்பா மருந்துகளும் ஸ்ட்ரெப்டோமைசினும் வந்தன. பரேல் நிலையத்துக்கு 1932இல் முதல் இந்தியத் தலைவராக வந்த சாகிப் சிங் சோகி காலத்தில் சல்பா மருந்துகளைப் பிளேக் நோயாளிகளிடம் சோதித்த ஆராய்ச்சி அங்கேயே நடந்தது. ஹாஃப்கின் ஊசி இன்று பழம்பொருள். ஆனால் 1897 முதல் 1925 வரை பரேலிலிருந்து வெளிச்சென்ற பிளேக் ஊசி மருந்தின் அளவு 2 கோடியே 60 லட்சம் பேருக்குப் போதுமானது.

1925இல் அந்நிலையத்துக்கு ஹாஃப்கின் பெயரைச் சூட்டினர். அவர் அப்போது ஐரோப்பாவில் தனியராக, மணம் செய்துகொள்ளாமல், சமய ஈடுபாட்டில் காலம் கழித்துவந்தார். 1930 அக்டோபர் 26இல் சுவிட்சர்லாந்திலுள்ள லோசான் நகரில் காலமானார். 1964இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை ஒன்றை வெளியிட்டது.

அபிவிருத்தி டிரஸ்ட் தன் திட்டங்களுக்கு எண் கொடுத்திருந்தது. தாதர்–மாதுங்கா ஐந்தாம் திட்டம். சயான்–மாதுங்கா ஆறாம் திட்டம். நம் அன்பர்கள் பலருடைய வீட்டுப் பத்திரங்களில் 'ஸ்கீம் ஐந்து', 'ஸ்கீம் ஆறு' என்ற சொற்கள் இருக்கக்கூடும். அது என்ன ஸ்கீம் என்று பிள்ளைகள் கேட்டால், மாண்ட்வித் தானியக் கிடங்கில் எலி விழுந்த நாளிலிருந்து சொல்லத் தொடங்க வேண்டும்.